பருப்பை மாங்கோவின் பெட்டிக்குள் விட்டது நான்தான்

மகனே, இதை உன் கையில் தந்திருக்கலாம். நீ வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றுகிற இடத்தில் வைத்துவிட்டுப் பேசாமல் போய்ப் படுத்திருக்கலாம். அப்படிச் செய்யாமல் எங்கள் முதியோர் சங்கத்து மலருக்குக் கொடுத்திருக்கிறேன். உன்னைப் பற்றி ஒரு பொய்யை நான் அந்தச் சங்க மண்டபத்தில் வைத்துத்தான் சொன்னேன். இருபது பேருக்குக் குறையாமல் தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்து கேட்டார்கள். எங்கே சொன்னேனோ அங்கேதான் அதை மாற்றிச் சொல்ல வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப் பிழைகளை மலர்க்குழு ரீச்சர் திருத்தட்டும், கதையில் கை வைக்க வேண்டாம் என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். இந்த மாதக் கடைசியில், நீ ஸ்ரௌவ்வில் நகரில் வாங்கின வீட்டின் திறப்பு கைக்கு வருகிறது. கீழ்த்தளத்தில் ஒரு பெரிய அறை, அதில் இரண்டு கட்டில் போடலாம், ஒன்று எனக்கு, மற்றது விட்பியில் தனியே இருக்கிற உன் மாமிக்கு என்றாய். என் மனுசனின் தமக்கை புனிதத்துக்கு. அவரின் பிள்ளைகள் இரண்டு பேரும் கல்கரிக்குப் போய்விட்டார்கள், அவர் வோக்கர் பிடித்து நடக்கிறார், அவரை விட்டுவிட்டு நாங்கள் மட்டும் புது வீட்டுக்குப் போவது சரியில்லை என்றாய். அதில் எனக்கு மறுப்பில்லை. பிறகு சொன்னாய்: "ரெண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரு வயசு, ஒரே ஊர். பேச்சுத்துணையாவும் இருக்கும் அம்மா." நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எழும்பிப் போய்ப் பாத்திரம் கழுவினேன். கழுவி வைத்ததை எடுத்துத் திரும்பவும் கழுவினேன். மூன்று கிழமையாக என் நிலைமை இதுதான். கதிரையில் இருந்தால் கால் இருக்க விடுகுதில்லை. கொரிடோரில் லிஃப்ற் வாசல் மட்டும் நடந்து போகிறேன், திரும்பி வருகிறேன். எதிர் வீட்டுப் பிலிப்பினோப் பெண் எனக்குச் சுகமில்லையோ என்று உன் மனைவியிடம் கேட்டிருக்கிறாள். சுகத்துக்கு ஒரு குறையுமில்லை. உன் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டுமென்றால் முதலில் பாம்பின் கதையைச் சொல்ல வேண்டும். அதுதான் வாய்க்குள் கிடந்து உருள்கிறது.

மலர் வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கவேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். என் பேத்தி அபி பாம்பு வளர்க்கிற பிள்ளை. கடித்துக் கொல்லுகிற பாம்பில்லை. செம்மஞ்சள் நிறத்தில், பெருவிரல் மொத்தத்தில், சோளப்பாம்பு என்கிறார்கள். பதினாறாம் வயதில் முதலாவதைக் கொண்டுவந்தாள், அதற்குப் பெயர் மாங்கோ. அடுத்த வருடம் அதைவிடச் சின்னதாக, மெல்லிய மஞ்சளில் இன்னொன்று, அதற்குப் பெயர் பருப்பு. பெயர் வைத்தது அவள்தான், என்னைக் கேட்கவில்லை. முதல் கிழமை, அவளும் நானும் இருக்கிற அந்த அறைக்குள் படுக்கமாட்டேன் என்று ஹோலில் பாய் போட்டது உனக்கு ஞாபகமிருக்கும். பிறகு மனம் இளகி ஒரு சின்னக் கிண்ணத்தில் பால் கொண்டுபோய் வைத்தேன். நாகதம்பிரானுக்குப் பால் வைத்த கைக்கு வேறென்ன செய்யத் தெரியும். அபி சிரித்துச் சிரித்து நிலத்தில் இருந்துவிட்டாள். "பால் குடிச்சா அதுக்கு வயிறு குழம்பும் அப்பம்மா. அது உங்களை மாதிரி" என்றாள். அதன்பிறகு எனக்குப் பயம் போய்விட்டது. ஃபிரீசரில் பாம்புக்கு வாங்கி வைக்கிற எலிப் பெட்டியை மட்டும் மீன் இருக்கிற தட்டில் வைக்கக்கூடாது, வெள்ளிக்கிழமையில் வெளியே எடுக்கக்கூடாது என்று இரண்டு சட்டம் போட்டேன். அவள் இரண்டையும் மீறவில்லை.

எங்கள் அப்பார்ட்மென்றில் இரண்டு கண்ணாடிப் பெட்டிக்கு ஒரு அறையில் இடமில்லை. மாங்கோ எங்கள் இருவரின் அறையில், பருப்பு ஹோல் மூலையில். உனக்கு அது பிடிக்கவில்லை. "ஒரே இனம்தானே பிள்ளை, ஒண்டா விட்டால் என்ன? ஒரு பெட்டி, ஒரு லைற், இடமும் மிச்சம்" என்று எத்தனை தரம் சொன்னாய். நானும் உன் பக்கம்தான் நின்றேன். எனக்கு இடத்தைப் பற்றிய கவலை இல்லை, இரக்கம். ஒரு சீவன் நாள் முழுக்கத் தனியே கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறதே என்று. அபி தன்ரை ஃபோனில் ஒரு படம் காட்டினாள். ஒரு பெட்டிக்குள் இரண்டு பாம்பு, ஒன்றின்மேல் ஒன்று சுருண்டு, வடிவாகக் கிடந்தன. எவ்வளவு பாசம் பார் என்றேன். அவள் சொன்னதை நான் ஒரு சொல் விடாமல் வைத்திருக்கிறேன்:

"அது பாசம் இல்லை அப்பம்மா. பெட்டிக்குள்ள சூடான இடம் ஒண்டுதான் இருக்கு. ரெண்டுக்கும் அதுதான் வேணும். பெரிசு மேல ஏறிக் கிடந்து சின்னதை அமத்துது. சின்னதுக்குப் போக வேற இடமில்லை. அதுகள் கத்தாது, அழாது. அதாலதான் பாக்கிற ஆக்கள் லவ் எண்டு நினைக்கினம்."

அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஏன் என்று நீ கேட்டாய், பல்லுக்குள் நோகிறது என்றேன். பல்லில்லை. நாங்கள் கனடாவுக்கு வந்த புதிதில் இதே டோர்செட் பார்க்கில், இங்கிருந்து இரண்டு கட்டிடம் தள்ளி, ஒன்பதாம் மாடியில் இருந்தது எனக்கு முன்னால் வந்து நின்றது. இரண்டு அறை, பதினொரு பேர். வீடு உன் மாமியின் பெயரில். அவர்கள்தான் எங்களுக்கு முன்னால் வந்தவர்கள், எங்களைக் கூப்பிட்டு வைத்திருந்தவர்கள், அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. எங்களுக்கு இடம் தந்த அறையில் பெரியவர்களும் பிள்ளைகளுமாக ஆறு பேர் நிலத்தில் படுத்தோம். சுவரின் ஒரு பக்கம் ஹீற்றர், மற்றப் பக்கம் யன்னல். ஹீற்றர் பக்கம் மாமியின் இரண்டு பிள்ளைகள், பிறகு மாமி, பிறகு நானும் என் மனுசனும், கடைசியில் யன்னலுக்குக் கீழே நீ. உனக்கு அப்போது ஆறு வயது. விடிய எழும்பினால் யன்னல் சட்டத்தின் உள்பக்கத்தில் ஐஸ் பிடித்திருக்கும். நீ அதை நகத்தால் சுரண்டி வாயில் வைப்பாய். உனக்கு இருமல் பிடித்தது. நெஞ்சு கறகறவென்று இழுத்தது. நான் ஒரேயொரு முறை கேட்டேன்: "மச்சாள், ரெண்டு நாளைக்குத் தம்பியை அந்தப் பக்கம் படுக்க விடுங்கோவன்." மாமி தலைமயிரைப் பின்னிக்கொண்டே சொன்னார்: "உம்மடை மகன் ஊர்க் காய்ச்சல் எல்லாம் தாங்கினவன். தாங்குவான்." பிறகு உன்னை ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் வைத்திருந்தார்கள். அவர் அன்றைக்குப் பின்னினது இரட்டைப் பின்னல், கட்டினது ஊதா ரிப்பன். முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாகிறது. இன்னும் அந்த ரிப்பன் என் கண்ணுக்குள் நிற்கிறது.

அந்த அறையில் எடுத்த படம் ஒன்று உன்னிடமும் இருக்கிறது. ஆறு பேரும் ஒரு போர்வைக்குள், தலைகள் மட்டும் வெளியே, எல்லாரும் சிரித்துக்கொண்டு. வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாரிடமும் நானே அதைக் காட்டி, அந்தக் காலத்தில் நாங்கள் எவ்வளவு ஒற்றுமையாக இருந்தோம் தெரியுமோ என்று சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது பொய் என்று நினைத்ததில்லை. ரிப்பன் ஒரு பக்கத்தில், ஒற்றுமை இன்னொரு பக்கத்தில், இரண்டையும் தனித்தனியாகக் கட்டி வைத்திருந்தேன். அபி ஃபோனில் அந்தப் படத்தைக் காட்டிய அன்றைக்குத்தான் இரண்டு முடிச்சும் ஒன்றாக அவிழ்ந்தன. நீ வளர்ந்து, வீட்டைச் சூடாக்குகிற ஃபேர்னஸ் பூட்டுகிற வேலைக்குப் போனபோது, மற்றத் தாய்மார் எல்லாம் மகன் கணக்காளர், மகன் எஞ்சினியர் என்று சொன்னபோதும், எனக்கு ஒரு குறையும் தோன்றவில்லை. ஏன் என்று அப்போது தெரியாது. இப்போது தெரியும்.

இவ்வளவும் விளங்கின பிறகும் ஏன் அதைச் செய்தேன் என்று நீ கேட்பாய். நானும் என்னைக் கேட்டுக்கொண்டுதான் நடக்கிறேன். செப்டெம்பரில் அபி படிப்புக்காக கிங்ஸ்ரன் போனாள். விடுதியில் பாம்பு வைக்க விடமாட்டார்கள். சனிக்கிழமைகளில் நீ எலி கொடுப்பது, நான் தண்ணீர் மாற்றுவது என்று ஒழுங்கு. போகும்போது மாங்கோவின் பெட்டியில் ஆங்கிலத்தில் ஒரு தாள் எழுதி ஒட்டினாள். எனக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது என்று இந்த இடத்தில் நான் தப்பிக்கலாம். தப்பமாட்டேன். அவள் அதைத் தமிழில் எனக்குச் சொல்லித்தான் ஒட்டினாள்: "எந்தக் காரணத்துக்கும் ஒண்டா விடாதேங்கோ அப்பம்மா. ஒரு நாளைக்கும் வேண்டாம்." நான் ஓம் என்றேன்.

பிறகு நவராத்திரி வந்தது. எங்கள் வீட்டில் கும்பம் வைக்கிறது ஹோலின் வடகிழக்கு மூலையில், நீ பிறக்க முன்னமிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த மூலைதான். அந்த மூலையில் பருப்பின் பெட்டி இருந்தது. எலி தின்கிற சீவனுக்குப் பக்கத்தில் ஒன்பது நாள் கும்பமும் புத்தகமும் எப்படி வைக்கிறது? முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை நீ வேலையில், மருமகள் கடைக்குப் போயிருந்தாள். வேறொரு மேசையைத் தேடிப் பெட்டியோடு அறைக்குக் கொண்டுபோயிருக்கலாம். உன்னைக் கேட்டிருந்தால் ஐந்து நிமிட வேலை. நான் உன்னைக் கேட்கவில்லை. பருப்பைக் கையால் தூக்கி மாங்கோவின் பெட்டிக்குள் விட்டேன். வெறும் பெட்டியைப் பல்கனியில் வைத்துச் சீலையால் மூடினேன். ஒன்பது நாள்தானே என்று சொன்னேன். ஆனால் உள்ளுக்குள் இருந்தது அதுவல்ல. அந்தப் பிள்ளை சொன்னது பிழையாகப் போகவேண்டும் என்று இருந்தது. இரண்டும் சேர்ந்து சந்தோசமாக இருந்துவிட்டால், அந்த ஒன்பதாம் மாடி அறையிலும் நாங்கள் சந்தோசமாகத்தான் இருந்தோம் என்றாகிவிடும் அல்லவா. என்னை நானே ஆற்றிக்கொள்ள ஒரு பாம்பைப் பிடித்துப் பார்த்தேன்.

முதல் நாள் இரண்டும் ஒன்றாகச் சுருண்டு கிடந்தன. எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி. கும்பத்துக்கு அவல் படைத்துவிட்டு வந்து வந்து பார்த்தேன். மூன்றாம் நாள் பெட்டிக்குள் பாதி கரைந்த எலி ஒன்று கக்கிக் கிடந்தது. முந்தின சனிக்கிழமை நீ கொடுத்த எலி. எது கக்கியது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டை ஒன்றாக விட்டால் எதற்கு வருத்தம் என்று அறிய முடியாது என்று அபி சொன்னதும் நினைவுக்கு வரவில்லை. பெரியது அளவுக்கு மிஞ்சித் தின்றிருக்கும் என்று நானே முடிவு கட்டி, மூக்கைப் பொத்திக்கொண்டு துடைத்து எறிந்துவிட்டு, தலை முழுகிப் பூசைக்குப் போனேன். பிறகு பார்க்கிற நேரமெல்லாம் மாங்கோ சூட்டுப் பக்கத்தில் கிடந்தது. பருப்பு தண்ணீர்க் கிண்ணத்தின் பின்னால், குளிர்ப் பக்கத்தில், மெலிந்து கிடந்தது. நான் அதையும் பார்த்தேன். பார்த்துக்கொண்டு விட்டேன். இடையில் வந்த சனிக்கிழமை, நவராத்திரியில் எலி எடுக்க வேண்டாம் என்று உன்னை மறித்தேன். விசயதசமி முடிந்ததும் பருப்பைப் பழைய பெட்டியில் போட்டு மூலையில் வைத்துவிட்டேன். பெட்டியை ஒன்பது நாளும் அறைக்குள் வைத்திருந்தேன் என்று நீ நினைத்திருப்பாய், கேட்கவில்லை. அடுத்த சனி நீ கொடுத்த எலியையும் அது கக்கியது. உனக்குக் கவலையாகி அபிக்கு அறிவித்தாய். தாங்ஸ்கிவிங் என்கிற நன்றி சொல்லல் விடுமுறைக்கு அவள் வந்தாள்.

அவள் வந்த கையோடு மாங்கோவின் பெட்டியைத் துப்புரவாக்கினாள். மரப்பட்டைக்குக் கீழே கழற்றிய சட்டை ஒன்று இருந்தது. அதை விரித்து அளந்து பார்த்துவிட்டு உன்னைக் கூப்பிட்டாள். நான் குசினியில் போஞ்சி வெட்டிக்கொண்டிருந்தேன்.

"அப்பா, இது மாங்கோவின்ரை இல்லை. இது பருப்பின்ரை. மாங்கோவின்ரை பெட்டிக்குள்ள ஏன் இருக்கு?"

"எனக்குத் தெரியாது பிள்ளை. நான் தொடேல்லை."

"நீங்கள்தானே ஒண்டா விடச் சொல்லிச் சொல்லிக்கொண்டு இருந்தனீங்கள்."

நீ ஒரு முறை குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தாய். நான் போஞ்சியைப் பார்த்தேன். அந்தப் பார்வையில் நீ அறிந்திருந்தாயா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அறிந்திருந்தால் என்னைக் காட்டிக் கொடுக்காமல் நின்றாய். நீ பேசாமல் நின்றதை அவள் ஒப்புக்கொண்டதாக எடுத்தாள். திங்கட்கிழமை காலை பருப்பு செத்துக் கிடந்தது. அவள் அதைத் துவாயில் சுற்றிக்கொண்டு, உன்னோடு காரில் போகாமல், பஸ்சில் கிங்ஸ்ரன் போனாள். அன்றையிலிருந்து அவள் உன் ஃபோனை எடுக்கவில்லை. வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்ற முன்னம் நீ ஃபோனைத்தான் பார்க்கிறாய். நான் அதைப் பார்த்துக்கொண்டு உனக்குச் சோறு போட்டேன். சங்கத்தில் அபியைக் காணவில்லையே, முந்தி உங்களைக் கூட்டிக்கொண்டு வருவாளே என்று கேட்டபோது, மகன் இடம் காணாதென்று பாம்பு இரண்டையும் ஒன்றாக விட்டுச் சின்னதைச் சாகக் கொடுத்துவிட்டான், தகப்பனும் மகளும் கதையில்லை என்று சொன்னேன். சொல்லும்போது நாக்குக் கூசவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் கூசியது. அதற்குப் பிறகு இருப்புக் கொள்ளவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மருமகளைக் கொண்டு அபிக்கு ஃபோன் எடுப்பித்தேன். அறைக் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கும்பம், பல்கனி, கக்கின எலி, ஒன்றும் விடவில்லை. பிறகு, "அப்பாக்குச் சொல்லீட்டீங்களா?" என்றாள். இன்னும் இல்லை என்றேன். "அவருக்கெல்லோ முதல் சொல்லியிருக்கோணும்" என்றாள். அதற்கும் பிறகு, "எனக்கு இப்ப உங்களோட கதைக்க ஏலாது அப்பம்மா. கோவமா இருக்கு. அப்பாக்கு நான் எடுக்கிறன்" என்று வைத்துவிட்டாள். எடுத்தாளா என்று நான் உன்னைக் கேட்கவில்லை. உன் முகத்தைப் பார்த்தால் எடுத்திருப்பாள் போலத் தெரிகிறது. அவள் என்னோடு கதைக்காத நாட்கள் எனக்கு உரியவை. அதில் நீ தலையிட்டு, அப்பம்மா வயசானவ என்று அவளிடம் கேட்காதே.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். நான் மாமியோடு ஒரு அறையில் இருக்கமாட்டேன் என்று சொன்னால் நீ என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியும். பழைய கோபம், ஹீற்றர்க் கதை, யன்னல் கதை, அம்மா ஒன்றையும் மறக்கமாட்டா என்று நினைப்பாய். மறக்கவில்லைத்தான். ஆனால் நீ அறியாத இன்னொன்று இருக்கிறது. மூன்று மாரிக்கு முன்னம், பனி கொட்டின நேரம், மாமி எங்களிடம் பத்து நாள் நிற்க வந்தார். அபி அந்த நாட்களில் ஹோலில் படுத்தாள், மாமி என் அறையில். என் கட்டில் ஹீற்றரோடு. அவருக்கு அபியின் கட்டில், யன்னல் பக்கம். இடம் மாறிப் படுப்போமா என்று அவர் கேட்கவில்லை, கேட்கிற ஆளில்லை. எனக்குப் புழுங்குது என்று சொல்லி நான் யன்னலை இரண்டு விரல் அளவுக்குத் திறந்து வைத்தேன், ஒவ்வொரு நாளும். எனக்கு ஒரு புழுக்கமும் இல்லை மகனே. அவர் ஜக்கெற் போட்டுக்கொண்டு கட்டிலில் இருந்து செபமாலை மாதிரி விரல்களை உருட்டிக்கொண்டிருந்தார். விரல் விறைத்ததற்கு அப்படிச் செய்கிறார் என்று எனக்குத் தெரியும். ஆறாம் நாள், மகன் கல்கரியில் இருந்து எடுக்கிறானாம், வீட்டில் நிற்க வேண்டுமாம் என்று போய்விட்டார். நீ காரில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, ரெண்டு பேரும் நல்லாக் கதைச்சனீங்கள் போல, மாமிக்குச் சந்தோசம் என்றாய். அவர் உன்னிடம் என்னைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. கத்தவுமில்லை, அழவுமில்லை.

இவ்வளவு காலமும் அவரை நான் எனக்குள் வைத்திருந்தது ஒரு பெரிய ஆளாக. மேலே ஏறிக் கிடந்தவராக. பருப்பு தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பின்னால் மெலிந்து கிடந்ததை நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன் என்று மேலே எழுதினேன் அல்லவா. அதை எழுதிவிட்டுப் பேனையை வைத்துவிட்டு, கொரிடோரில் எத்தனை தரம் நடந்தேன் என்று தெரியாது. மாமி இப்போது நாற்பத்தைந்து கிலோ இருப்பாரா? நான் அவரைப்போல் இரண்டு மடங்கு. என் காது கேட்கும், கால் நடக்கும், குசினி என் கையில், மகன் என் மகன். கீழ்த்தளத்து அறையில் எங்கள் இருவரையும் விட்டால் அங்கே ஒரு சத்தமும் கேட்காது. நீ வேலையால் வந்து எட்டிப் பார்த்தால் இரண்டு கிழவிகள் ரீவி பார்த்துக்கொண்டிருப்போம். உன் மனதுக்கு நிறைவாக இருக்கும். நீ நல்ல பிள்ளை, கண்ணால் கண்டதை நம்புவாய்.

அதனால் சொல்கிறேன். கீழ் அறையை மாமிக்கே கொடு. ஃபேர்னஸ் அறைக்குப் பக்கத்துச் சுவரோடு அவர் கட்டிலைப் போடு. எந்தச் சுவர் சூடு என்று உனக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. மேலே துணி தோய்க்கிற இடத்துக்குப் பக்கத்தில் கொம்பியூற்றர் வைக்கலாம் என்று ஒரு சின்ன அறை காட்டினாயே, அது எனக்குக் காணும். கட்டில் போட்டால் கதவு முழுதாகத் திறக்காது என்றால் பரவாயில்லை, நான் பக்கவாட்டில் போய் வருவேன். இரண்டு நேரம் ஒரு மேசையில் இருந்து சாப்பிடுவோம். பிறகு அவர் தன் அறைக்கு, நான் என் அறைக்கு. மாங்கோவின் பெட்டி எங்கே என்று அபியைக் கேட்டு வை, என்னைக் கேட்க வேண்டாம்.

நான் திருந்திவிட்டேன் என்று நினைத்துவிடாதே. மாமியை நான் மன்னிக்கவில்லை. இந்த வயதில் அது வரும் என்று எனக்கு நம்பிக்கையும் இல்லை. மன்னித்திருந்தால் ஒரு அறையில் படுத்துவிட்டுப் போயிருப்பேன். ஏன் தனி அறை என்று அவர் உன்னைக் கேட்டால், அம்மா குறட்டை விடுவா, அம்மாவுக்கு நித்திரை குறைவு என்று எனக்காகப் பொய் சொல்லாதே, ஒரு முறை நீ எனக்காகப் பேசாமல் நின்றது போதும். அம்மாதான் கேட்டவ, உங்களுக்காகத்தான் கேட்டவ என்று சொல்லு. அவருக்கு விளங்கும்.